மேயர் ஏறிய பிரசங்க பீடம்

ஜோர்ஜியா, அமெரிக்கா, 11 ஒக்டோபர் 1958

அன்புள்ள அப்பாவுக்கு, அருமைநாயகம் தோத்திரத்துடன் எழுதுவது. நான் சுகம். தெமோதரைக் குளிரில் உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு இங்கே பிரசங்கித்தவர் பாதிரியார் அல்ல, தேர்தலுக்கு நிற்கும் மேயர். தான் கர்த்தருடைய வேட்பாளர் என்றார். சபை ஆமென் என்றது. இந்த நாட்டில் வாக்குக் கேட்கிறவன் வேதப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் போதும், திறக்க வேண்டியதில்லை.

அப்போது எங்கள் விடுதியில் சமைக்கும் கறுப்பினப் பெண் ரூத், நோயாளி மகனுக்காக ஜெபிக்கக் கேட்டு வாசலுக்கு வந்தார். மேயரே இறங்கிப் போனார்.

"உங்க ஆளுகளுக்கு வேற கோயில் இருக்கும்மா" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார். அதற்கும் ஆமென் கேட்டது. என்னை மட்டும் தூரதேசத்து ஆத்துமா என்று முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். நான் எழுந்து கதவைத் திறந்து, ரூத்தோடு வெளியே நடந்தேன்.

என்னைப் படிக்கவைத்து வந்தது அந்தச் சபைதான். மறுநாள் பாதிரியார் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

"யார்கிட்டங்க, ரூத்கிட்டயா?" என்றேன். உதவியை நிறுத்திவிட்டார். பயப்படாதீர்கள், பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் மிளகாய்த்தூளும் தமிழ்ப் பாட்டுப் புத்தகமும் அனுப்புங்கள். ஞாயிறுகளில் இனி அறையில் தனியாகத்தான் பாட வேண்டும்.

தபால்காரர் வந்துவிட்டார். ரூத்தின் மகனுக்காக நம் கோயிலில் ஜெபியுங்கள். இங்கே யாரும் ஜெபிக்கவில்லை.

உங்கள் மகன்,
அருமைநாயகம்