உங்களைத் தோழிகளாக்கிவிட்டார்கள், அக்கா

அன்புள்ள பிலோமினா அக்கா, அன்புள்ள மங்கை அக்கா,

ஒரே கடிதத்தில் சேர்த்துக் கூப்பிட்டதற்கே இந்நேரம் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பியிருப்பீர்கள். தனித்தனியாக எழுத எனக்குப் பொறுமை இல்லை. பிலோமினா அக்கா முதலில் போனதால் அவர் பெயர் முதலில். மங்கை அக்கா, இதற்கும் என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை டுரியான் துங்கால் திடலில் உங்களுக்கு நினைவு விளையாட்டு நடந்தது. நாம் வாராவாரம் சாப்ட்பால் ஆடிய அதே திடல்தான். கூடாரம், உறை போட்ட நாற்காலி, சாப்பிட மீ கோரிங், குடிக்க ரோஸ் சிரப் எல்லாம் இருந்தன. நீங்கள் உயிரோடு இருந்தபோது ஒரு தண்ணீர் போத்தல்கூட வாங்கித் தராத மனமகிழ் மன்றம், நீங்கள் போனபிறகு அள்ளி இறைத்தது.

மன்றத் தலைவரை நினைவிருக்கிறதா? ஒரே ஒரு தடவை ஆட்டம் பார்க்க வந்து, கிரிக்கெட் என்று நினைத்துக்கொண்டு, "இதுல விக்கெட்ட எங்கம்மா நட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாரே, அவரேதான். மங்கை அக்கா, நீங்கள் சிரிக்காமல், "வீட்டுல மறந்துட்டு வந்துட்டோம் சார்" என்றீர்கள். அவரும் நம்பித் தலையாட்டினார். அந்த மனிதர்தான் இப்போது உங்கள் நட்புக்குச் சாட்சி.

ஆமாம், நட்பு. பேனரில் "உயிர்த்தோழிகள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கோப்பைக்குப் பெயர் நட்புக் கோப்பை. பேனர் படத்தில் நீங்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறீர்கள், பின்னால் பூவும் மேகமும். எந்தக் காலத்தில் இப்படி நின்றீர்கள் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். நம் குழுப் படத்தில் வழக்கம்போல உங்கள் நடுவில் நின்ற என்னை வெட்டி எறிந்துவிட்டு உங்களை ஒட்டவைத்திருக்கிறார்கள். வெட்டியவனுக்கு அதையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிந்ததா? மங்கை அக்காவின் தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கிறது. அது என் கை. என் கடிகாரம்கூட இருக்கிறது. வந்தவர்கள் அதைப் பிலோமினா அக்காவின் கை என்று நினைத்து, "எவ்ளோ பாசம் பாருங்க லா" என்று உச்சுக்கொட்டினார்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். மங்கை அக்கா, நீங்கள் பந்து போடுபவர். கீழிருந்து கையைச் சுழற்றி விட்டால், எதிரே நிற்பவள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து போய்ச் சேர்ந்துவிடும். பிலோமினா அக்கா, நீங்கள் கம்பி முகமூடி மாட்டிக்கொண்டு பின்னால் குந்தியிருந்து அதைப் பிடிப்பவர். ஒரு நாள் ஆட்டம் இழுபறியில் இருந்தது. மங்கை அக்கா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே இருந்தீர்கள். முகமூடிக்குள்ளிருந்து பிலோமினா அக்கா, "போடுடி!" என்று கத்தினீர்கள். அது மங்கை அக்காவின் காதில் "போடி!" என்று விழுந்தது.

"யாரப் பாத்து போடிங்கிறீங்க?"

"அக்காகிட்ட பேசுற பேச்சாடி இது?"

அதோடு முடிந்தது. தள்ளி, தேர்ட் பேஸ் முனையில் நின்ற எனக்கே அந்த "டு" தெளிவாகவே கேட்டது. அன்றைக்கே சொன்னேன். மங்கை அக்கா, "நீ அவளுக்கு ஜால்ரா போடாத" என்றீர்கள். பிலோமினா அக்கா, "சண்டைக்கு வர்றவகிட்ட நான் எதுக்கு வெளக்கம் சொல்லணும்?" என்றீர்கள். ஒருவர் மருத்துவமனைத் தாதி, ஒருவர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வயது. ஓர் எழுத்துக்காக இத்தனை வருஷமா? எனக்கு அப்போதே கேவலமாக இருந்தது. செத்துவிட்டீர்கள் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அதன்பிறகு கீரியும் பாம்பும்தான். பிலோமினா அக்கா விரலால் சைகை காட்டுவீர்கள், மங்கை அக்கா சரியாக அங்கே போடுவீர்கள். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு மரத்தடி. ஆனால் மழை தூறினாலும் சுங்கை ஊடாங்கிலிருந்து மங்கை அக்காவின் கார் வந்துவிடும். முட்டி வலித்தாலும் பிலோமினா அக்கா குந்திவிடுவீர்கள். பிலோமினா அக்காவுக்கு உடம்பு முடியாமல் வேறொருத்தி பிடிக்க வந்த வாரம், மங்கை அக்கா, உங்களுக்குத் திடீரென்று தலைவலி வந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அது என்ன வலி என்று கேட்க எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை.

பிலோமினா அக்கா, உங்களை அடக்கம் செய்த அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். மங்கை அக்கா மண்ணைப் பிடித்துக்கொண்டு குழி ஓரத்தில் அசையாமல் நின்றார். பின்னால் இருந்த ஒருவர், "போடுங்க லா, ஆளுங்க காத்திருக்காங்க" என்றார். அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போட்டார். காருக்குள் வந்ததும் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"கடைசி வரைக்கும் ஒரு சாரி சொல்லல, பாத்தியா? திமிரு புடிச்சவ. இனிமே நான் யாருக்குடி பந்து போடுவேன்?"

அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை. கைக்குட்டை கொடுத்தேன், அதையும் தட்டிவிட்டார்.

மங்கை அக்கா, தோழியின் பிரிவைத் தாங்காமல் நீங்கள் உயிர்விட்டதாகத் தலைவர் மேடையில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைக் கொண்டுபோனது இனிப்பு நீர் நோய். டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டும் நீங்கள் விடாத செண்டோல் பாகு. அதைச் சொன்னால் கைத்தட்டல் கிடைக்காதே.

இப்போது நான்தான் கேப்டன் என்பதால் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் தலைவர் காதோடு சொன்னார்: "நல்லதா நாலு வார்த்த பேசுங்க. அவங்க ஃபிரண்ட்ஷிப்ப பத்தி. பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. அடுத்த வருஷத்துக்குத் திடல் வேணும்ல, மனசுல வெச்சுக்குங்க லா."

நான் எழுதிக்கொண்டு போனதும் அப்படி ஒரு நல்ல பேச்சுதான். வாய் திறந்ததும் அது போன இடம் தெரியவில்லை.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்தர ஒத்தர் ஆகாது" என்றேன். "பேசிக்க மாட்டாங்க. அந்தக் கை என்னோடது."

முதலில் சிரித்தது யார் தெரியுமா, பிலோமினா அக்கா? உங்கள் மகள் ரெஜினா. சிரித்துச் சிரித்து, பிறகு அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மங்கை அக்கா, உங்கள் வீட்டுக்காரர் முனியாண்டி அண்ணன் எழுந்து நின்று, "உண்மதான். வீட்டுல அந்தம்மா பேர எடுத்தாலே எனக்குச் சோறு கெடைக்காது. ஆனா சனிக்கெழமையே ஜெர்சிய அயர்ன் பண்ணி மாட்டிருவா" என்றார். தலைவர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு தேசிய ஒற்றுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் பேச்சில் யார் செத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் தலைவரின் செய்தி வந்தது. திடல் இனி நமக்கு இல்லை, கண்ணியம் தெரிந்த குழுக்களுக்குத்தானாம். விக்கெட்டைத் தேடியவர் கண்ணியம் கற்றுத் தருகிறார். குழுவில் சிலர் என்னைத் திட்டினார்கள். "செத்தவங்கள பத்தி நல்லதா சொல்லிட்டுப் போயிருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். நல்லதைத்தானே சொன்னேன்? பிடித்தவளுக்காக யார் வேண்டுமானாலும் வருவாள். பிடிக்காத ஒருத்திக்காக மழையில் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவள் எங்கே இருக்கிறாள்? எனக்கு அப்படி யாரும் இல்லை. அந்த வயிற்றெரிச்சலும் என் பேச்சில் இருந்திருக்கும்.

ரெஜினா செர்காம் பக்கம் ஒரு புல்வெளி பார்த்து வைத்திருக்கிறாள். மேடு பள்ளம், மாட்டுச் சாணி. திட்டியவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு அங்கே ஆடுகிறோம்.

இது நான் தரும் வாக்கு. என் வாயில் பல் இருக்கும்வரை, உங்கள் இருவரையும் ஒருவரும் தோழிகளாக்க விடமாட்டேன். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன்: ஆகவே ஆகாது இரண்டு பேருக்கும், ஆனால் ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஆடியதே இல்லை.

இப்படிக்கு,
இரண்டு பக்கமும் திட்டு வாங்கியே வளர்ந்த உங்கள் தங்கச்சி,
சரோஜா