திறந்து வைத்த ஃப்ரிட்ஜ்

அன்புத் தங்கைக்கு, மாடியறைச் சக்கரவர்த்தி தலைகுனிந்து எழுதுவது.

மின்கட்டணம் மும்மடங்கானதற்கு உன் தையல் மிஷின் காரணமில்லை. நேற்று எலக்ட்ரீஷியன் கீழே எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் பந்தயக் குதிரையாக ஓடியது. மனிதர் நேரே என் அறைக்கு ஏறி வந்துவிட்டார்.

“இந்தப் பழைய ஃப்ரிட்ஜை ஏன் சார் தொறந்து வச்சிருக்கீங்க?”

“ரூம் குளிரட்டும்னுதான்.”

“முன்னாடி குளிரும், பின்னாடி அதைவிட சூடா ஊதும் சார்.”

அறை சூடாகச் சூடாகக் கதவை இன்னும் அகலமாகத் திறந்த மாபெரும் விஞ்ஞானி உன் அண்ணன். இரண்டு மாதமாக உலகத்தையே குளிரவைக்கப் பார்த்திருக்கிறேன்.

மிஷின் ஓட்டித்தான் பில் ஏறுகிறது என்று மாப்பிள்ளை உன்னைத் திட்டியதும், தைக்க வாங்கிய சீருடைத் துணிகளை நீ திருப்பிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். அப்போதே என்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

இன்று பள்ளிக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லி, துணிமூட்டையை வாங்கிவந்து மிஷின்மேல் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். “அவளைப் போய்த் திட்டிட்டேனே மச்சான்” என்றவர் இன்னும் சாப்பிடவில்லை.

அவரை இன்றே மன்னித்துவிடு. எனக்கு அவசரமில்லை.

மாடியில் வியர்த்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணன்