பதிமூன்று வாரம்

ஸ்லைகோ
மார்ச் 21

மாலக்கி,

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் மருத்துவக் காப்பீட்டை நீ ரத்து செய்துவிட்டாய்.

உன் வாயால் எனக்குத் தெரியவரவில்லை. மருத்துவமனை வரவேற்பு மேசையில், பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கும்போது தெரிந்தது. "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா. மார்ச் ஒண்ணாம் தேதியோட முடிஞ்சிருக்கு" என்றாள் அந்தப் பெண். வீட்டுக்காரர் பணம் கட்ட மறந்திருப்பார் என்றேன். "மறக்கல. அவரே போன் பண்ணி வேணாம்னுட்டாரு" என்றாள். பின்னால் நின்றவர்கள் என் முழங்காலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஜூன் 19 அன்று முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். காப்பீடு இல்லையென்றால் அந்த நாளும் இல்லை.

அன்று மாலை உனக்கு ஆறு முறை போன் செய்தேன். ஒருமுறை எடுத்தாய். "லைன விடு, டிம்ப்னா" என்று சொல்லி வைத்துவிட்டாய். பதினான்கு மாதமாக நான் என் தோழி நூலாவின் வீட்டில் இருக்கிறேன். உனக்கும் எனக்கும் இடையில் இன்னும் ஒன்றாக இருந்தது அந்தக் காப்பீடு ஒன்றுதான். அதையும் ஏன் அறுத்தாய் என்று எழுது.

டிம்ப்னா


ரொஸ்காமன்
மார்ச் 26

அன்புள்ள டிம்ப்னா,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்து மாறவே இல்லை.

முதலில் ஒரு திருத்தம். நான் ரத்து செய்யவில்லை. பேரத்தில் விலகி நடந்திருக்கிறேன். மாட்டுத் தரகர் மகளுக்கு இதை விளக்கவேண்டியிருப்பது எனக்கு வருத்தம்.

பிப்ரவரியில் புதுப்பிப்புக் கடிதம் வந்தது. போன வருடத்தைவிட முந்நூற்று நாற்பது யூரோ அதிகம். இருபத்தேழு வருடமாகக் கட்டுகிறோம். ஒரே ஒரு தடவை அவர்களிடம் போயிருக்கிறோம், அந்தக் கிடாரி என் தோள்பட்டை எலும்பை உதைத்து உடைத்தபோது. பக்கத்துப் பண்ணை பாக்கியின் மகன் போன மாதம்தான் அதே கம்பெனியில் சேர்ந்தான். இதுவரை ஒரு பைசா கட்டாத அவனுக்கு இரண்டு மாதம் இலவசமாம்.

நான் போன் செய்து, எனக்குக் கைராசிக் காசு எங்கே என்று கேட்டேன். உன் அப்பா எத்தனை மாடு விற்றிருப்பார். பேரம் முடிந்து உள்ளங்கையில் துப்பிக் கைதட்டிய பிறகு, வாங்கினவன் கையில் ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் ஒரு தடவையாவது வந்திருப்பாரா? காசு வாங்கினவன் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பது மரியாதை. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "அப்ப நான் கிளம்புறேன்" என்றேன். "சரிங்க சார்" என்றாள். நல்ல பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கண்ணிமை அசைந்திருக்காது.

இனி அவர்கள் முறை. கேட்டை நோக்கி மெதுவாக நடக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, கூப்பிடுவார்கள். அதனால்தான் லைனைக் காலியாக வைத்திருக்கிறேன். நீ எழுது.

சிவப்புப் பசு இரட்டைக் கன்று போட்டிருக்கிறது. என் இடுப்பு அப்படியேதான். டிராக்டரில் ஏற ஒரு பழைய பால் கேனைப் படியாகப் போட்டிருக்கிறேன். இடுப்பு மாற்றச் சொல்லும் டாக்டரிடம், கம்பெனி கூப்பிட்டதும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன்
மாலக்கி


ஸ்லைகோ
ஏப்ரல் 4

மாலக்கி,

உன் கடிதத்தை நூலாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் தேநீர் மேசைத் துணி முழுக்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முழங்கால் என்னுடையது.

அந்தக் கம்பெனி மாட்டுத் தரகன் இல்லை. அங்கே உன்னைக் கூப்பிட ஆளே கிடையாது. நீ போனது ஒரு கணினியில் ஒரு வரி. அந்தப் பெண் ஒரு நாளைக்கு நூறு பேரிடம் "சரிங்க சார்" சொல்கிறாள், அதற்கு மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டால் நீ அவளுக்கே கைராசிக் காசு கொடுத்துவிட்டு வருவாய்.

இப்போது நன்றாகக் கேள். விட்ட நாளிலிருந்து பதிமூன்று வாரத்துக்குள் எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும் நம் இருபத்தேழு வருடமும் செல்லும். பதிமூன்று வாரம் தாண்டினால் நாம் நேற்றுப் பிறந்தவர்கள். ஏற்கெனவே இருக்கிற நோவு எதற்கும் ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும். உன் இடுப்பு ஏற்கெனவே இருக்கிற நோவு. என் முழங்காலும். மே 31 கடைசி நாள்.

அரசு இலவச அறுவைக்கு வரிசை எவ்வளவு என்று போன வாரம் போய்க் கேட்டேன். இரண்டு வருடம். நடைபாதையில் சக்கரக் கட்டிலில் ஒரு பெரியவர் மூன்று நாளாகக் கிடக்கிறார், தலைமாட்டில் சுவரில் தீயணைப்புக் குழாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு வெட்டப்போவதும் இதே டாக்டர்தான், தெரியுமா? அதே கத்தி. பணம் கட்டினவனுக்கு ஜூனில், கட்டாதவனுக்கு அடுத்ததற்கு அடுத்த ஜூனில். வரவேற்பு மேசைப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னம்மா, எங்கம்மாவே அந்த வரிசையிலதான் நிக்கிறாங்க" என்றாள்.

இன்னொன்று. வேறு கம்பெனியில், அலுவலக ஊழியர்களுக்கென்று எழுதின ஒரு திட்டம் இருக்கிறது. நம்முடையதில் இருக்கிற எல்லாம் அதில் இருக்கிறது, வருடத்துக்குத் தொள்ளாயிரம் யூரோ குறைவு. சட்டப்படி யார் கேட்டாலும் தரவேண்டும். கேட்காதவனுக்குச் சொல்லவேண்டும் என்று சட்டம் இல்லை. பெயர் சொல்லிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். நம் கம்பெனியிலும் இப்படி ஒன்று பல வருடமாக இருந்திருக்கிறது. நாம் விசுவாசமாக இருந்தோம், அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

நான் தனியாகச் சேர, முன்பு காப்பீடு இருந்ததற்கான சான்றுத் தாள் வேண்டும். பழைய கம்பெனியிடம் கேட்டேன். கணக்கு உன் பெயரில் இருப்பதால் உன்னிடம் மட்டும்தான் பேசுவார்களாம். உனக்கு அனுப்பிவிட்டார்களாம். அதை எனக்கு அனுப்பு.

திட்டத்தின் பெயரையும் எண்ணையும் தனித்தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

டிம்ப்னா


ரொஸ்காமன்
ஏப்ரல் 19

அன்புள்ள டிம்ப்னா,

போன் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஆறு முறை மணியடிக்க விட்டுத்தான் எடுத்தேன். ஒரு ஆள், நல்ல மரியாதையான குரல். "சார், நீங்க இப்ப இருக்கிறதுல திருப்தியாத்தான் இருக்கீங்களா?" என்றான். எனக்கு உள்ளே ஒரு குதி. வெளியே காட்டவில்லை. "திருப்தின்னு யாரு சொன்னா?" என்றேன். "குளிர் உள்ள வருதா சார்?" என்றான். இது ஏதோ புது உத்தி என்று நினைத்து, "எல்லாப் பக்கமும் வருது" என்றேன். இருபது நிமிடம் பேசினோம். விலை சொன்னான், முடியாது என்றேன். இறங்கினான், யோசிக்கிறேன் என்றேன். வியாழக்கிழமை அளவு நாடாவோடு வாசலில் வந்து நிற்கிறான். ஜன்னல் விற்கிற கம்பெனி.

அடுப்படி ஜன்னலுக்கு அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டான்.

பழைய கம்பெனியிலிருந்து ஒரு உறை வந்தது உண்மை. கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிறது. திறக்கமாட்டேன். திறந்தால் ஆசை தெரிந்துவிடும். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கடைசி வாரத்தில்தான் யாரும் இறங்கிவருவார்கள். உன் அப்பா ஒருமுறை ஒரு காளைக்காக மழையில் மாலை நான்கு மணி வரை நின்றார்.

உன் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையை வெதுவெதுப்பாக்கிக் கட்டு. என் அம்மா கட்டுவாள்.

உன்
மாலக்கி


ஸ்லைகோ
மே 3

மாலக்கி,

கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிற உறையை நீ திறந்தாயா இல்லையா என்று டப்ளினில் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இதற்கு மட்டும் பதில் எழுது.

முட்டைக்கோஸ் இலையை நூலா சூப்பில் போட்டுவிட்டாள்.

என் அப்பா அந்தக் காளையை வாங்கவில்லை. அதை நீ எழுத மறந்துவிட்டாய். நான்கு மணிக்கு வேறொருவன் வந்து ஓட்டிக்கொண்டு போனான். என் அப்பா நிமோனியாவோடு வீட்டுக்கு வந்தார்.

நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். போன வருடம் ஜனவரியில் நான் கிளம்பின அன்று பெட்டியில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டு சட்டை, ஒரு இரவு உடை. போகிறவள் அவ்வளவு மட்டும் எடுத்துப் போவாளா? கேட் வரை எப்படி நடந்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. அந்தத் தாழ்ப்பாளை முப்பது வருடம் ஒரு விரலால் திறந்தவள், அன்று திறக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. பேருந்து வந்தது. ஒரு பேருந்தை விட்டேன். அடுத்ததில் ஏறினேன்.

இங்கே வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நூலா தன் மகளோடு பேசவேண்டுமென்றால் அண்டை வீட்டுக்குப் போய்ப் பேசவேண்டும், அப்படி ஒரு சட்டம் போட்டேன். ஈஸ்டர் வரை. உன் கொலஸ்ட்ரால் மாத்திரை முடியும் தேதியிலாவது கூப்பிடுவாய் என்று நினைத்தேன், எங்கே வாங்குவது என்று கேட்க. கூப்பிடவில்லை.

அதனால் இந்த வியாபாரம் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், மாலக்கி. உறையைத் திற. என் தாளை அனுப்பு. இன்னும் நான்கு வாரம்.

டிம்ப்னா


ரொஸ்காமன்
மே 22

அன்புள்ள டிம்ப்னா,

உன் கடிதத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் எழுதவில்லை. கன்றுகளுக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதலாம். உண்மையும்கூட. அதனால் அல்ல.

உறையைத் திறந்தேன். உன் தாளும் என் தாளும் தனித்தனியாக இருந்தன. கூடவே ஒரு நன்றிக் கடிதம். இருபத்தேழு வருட உறவுக்கு நன்றியாக, டப்ளினில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் பத்து சதவிகிதத் தள்ளுபடி. பால் கேனில் கால் வைத்து டிராக்டர் ஏறுகிறவனுக்கு.

நானே அவர்களுக்குப் போன் செய்தேன். ஆமாம், நானே. காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிடம் பியானோ போட்டார்கள், கேட்டேன். பிறகு ஒரு பையன் லைனில் வந்தான்.

"பழைய ஆளுக்கு ஒண்ணும் இல்லையாப்பா?"

"புதுசா சேர்றவங்களுக்கு ரெண்டு மாசம் இலவசம் சார்."

"அப்ப என்னைப் புதுசுன்னு எழுதிக்கோ."

"அதுக்கு நீங்க பதிமூணு வாரத்துக்கு மேல வெளிய இருந்திருக்கணும் சார்."

"பதிமூணு வாரம் வெளிய இருந்தா என் இடுப்பு?"

"அது அஞ்சு வருஷம் ஆயிடும் சார்."

"தம்பி, உனக்கே இது கேக்க எப்படி இருக்கு?"

அவன் கணினியில் ஏதோ தட்டுவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கப்பாவ நான் போன மாசம் வேற கம்பெனிக்கு மாத்திட்டேன் சார்" என்றான்.

அன்று மாலை நீ சொன்ன இடத்துக்குப் போன் செய்து, நீ எழுதித் தந்த பெயரையும் எண்ணையும் அப்படியே வாசித்தேன். உடனே கொடுத்தார்கள். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு யூரோ குறைவு. இருபத்தேழு வருடத்தை அதால் பெருக்கிப் பார்க்கவேண்டாம் என்று பக்கத்துப் பண்ணை பாக்கி சொன்னான். நான் ஏற்கெனவே பெருக்கிவிட்டேன். அன்று சாப்பிடவில்லை.

இரண்டு பேர் பெயரையும் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல். கேட்காமல் ரத்து செய்ததற்குத் திட்டினாய், கேட்காமல் சேர்த்ததற்கும் திட்டு. உனக்கு வேண்டாமென்றால் இதோ உன் தாள், இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. தனியாகச் சேர்ந்துகொள்ள ஒன்பது நாள் இருக்கிறது. நான் உன் பெயரை எடுத்துவிடுகிறேன்.

புதுக் கம்பெனிப் பெண் நீ எனக்கு என்ன உறவு என்று கேட்டாள். மனைவி என்றேன். "ஒரே முகவரிதானே சார்?" என்றாள். நான் அடுப்பில் ஏதோ இருக்கிறது, பிறகு சொல்கிறேன் என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நீ கிளம்பின அன்று நான் மாட்டுக்கொட்டில் வாசலில் நின்றேன். உன்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நீ திரும்பிப் பார்ப்பாய், பார்த்தால் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு நேரம் தாழ்ப்பாளோடு என்ன செய்கிறாய் என்றும், எண்ணெய் போடவேண்டும் என்றும் நினைத்தேன். மறுநாள் போய் எண்ணெய் போட்டேன்.

எந்த முகவரி என்று எழுது.

உன்
மாலக்கி


ரொஸ்காமன்
ஜூன் 8

அன்புள்ள டிம்ப்னா,

பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம் என்று மறுபடியும் எழுதுகிறேன். போனும் செய்தேன். நூலா எடுத்து, "அவ வெளிய போயிருக்கா" என்றாள். பின்னால் உன் இருமல் கேட்டது. இந்த முறை விலகி நடப்பது நீ என்று புரிந்தது, வைத்துவிட்டேன்.

நீ தனியாகச் சேர்ந்துவிட்டாயா என்று எனக்குத் தெரியாது. புதுக் கம்பெனியைக் கேட்டேன், வேறு ஆளின் விவரம் எனக்குச் சொல்லமாட்டார்களாம். உன் பெயர் என் கணக்கில் இன்னும் இருக்கிறது, அதனால் முழங்காலுக்குப் பயமில்லை. ஆனால் முகவரி இல்லாமல் உன் காப்பீட்டு அட்டை அவர்கள் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவமனையில் பத்தொன்பதாம் தேதி அதைக் கேட்பார்கள். கம்பெனிப் பெண் இரண்டு முறை எழுதிவிட்டாள், வெள்ளிக்கிழமைக்கு மேல் முகவரிக் கட்டத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்கிறாள். நானாக ஒன்றை எழுதமாட்டேன். ஸ்லைகோ என்றால் ஸ்லைகோ. இங்கே என்றால் இங்கே. எதுவானாலும் உன் வாயால் வரவேண்டும்.

எந்த முகவரி போடட்டும்? வெள்ளிக்கிழமைக்குள் சொல்.

மாலக்கி