திங்கள்கிழமை அளவு

மார்ச் 4, திங்கள்
காலை ஆறரை. குடிநீர்த் தொழிற்சாலையின் ஆழ்துளைக் கிணற்றில் டேப்பை இறக்கினேன். 41 மீட்டரில் தண்ணீர் தட்டியது. திங்கள் காலை, பம்பு போடுவதற்கு முன்புதான் அளக்க வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு. ஞாயிறு முழுக்க பம்பு நிற்பதால் தண்ணீர் ஊறி மேலே வந்திருக்கும். தூங்கி எழுந்தவனைப் பார்த்து, ஆளுக்குக் களைப்பே கிடையாது என்று எழுதுவது மாதிரி.

மார்ச் 9, சனி
யாரும் சொல்லாமல் நானாகவே மாலையில் அளந்தேன். 48. ஆறு நாள் பம்பு ஓடியதில் ஏழு மீட்டர் இறங்கியிருந்தது.
மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'எட்டு'. எதை எடுத்தாலும் வருடத்துக்கு எட்டு சதவீதம் கூட வேண்டும் என்பார். அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பு. மழை இரட்டிப்பாகுமா?

மார்ச் 13
கேன் நிரப்ப இரண்டாவது லைன் போடப்போகிறார்கள். கூடுதல் தண்ணீர் எடுக்கும் அனுமதிக்கு என் கையெழுத்தோடு அளவுகள் வேண்டும். லைன் வந்தால் என் வீட்டுக்காரர்தான் சூப்பர்வைசர். பன்னிரண்டு வருடமாக மூடி போடும் மெஷினிலேயே நிற்கிறார். இவரிடம் சனிக்கிழமை அளவைச் சொன்னேன்.
"அப்ப திங்கக்கிழமை அளவு பொய்யா?" என்றார்.
பொய் இல்லை. அதுதான் வம்பே.

மார்ச் 15
திங்கள் அளவுகளை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 10
புது லைன் ஓடுகிறது. இவருக்கு சூப்பர்வைசரின் நீலச் சட்டை, எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆர்டர் குவிகிறதாம், ஞாயிற்றுக்கிழமையும் பம்பு நிற்பதில்லை.

ஜூலை 1, திங்கள்
காலையிலேயே 63. மேலாளர் முகம் சுண்டிப்போனது.
"வேற நேரத்துல அளந்து பாரும்மா."
"எப்ப சார்? பம்பு எப்ப நிக்குது?"
போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 6
அடுத்த தெருவில் அக்கா வீட்டுக் கிணறு வற்றிவிட்டது. எங்கள் கம்பெனி கேன்தான் வாங்குகிறாள். மண்ணுக்கடியில் எல்லாக் கிணற்றுக்கும் ஒரே தண்ணீர்தான். அவள் கிணற்றில் கிடந்தவரை அது எந்தக் கணக்கிலும் இல்லை. கேனில் ஏறியதும் வளர்ச்சி.
கேனை உள்ளே தூக்கி வைத்தேன். அக்கா கேட்டாள்: "நீதானே அளக்குற? உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?"
தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன் — அவளிடம் சொல்லவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 8
சனி, திங்கள் இரண்டு அளவுகளையும் அனுமதி அலுவலகத்துக்கு எழுதினேன். மார்ச்சில் மறைத்ததையும். இவர் வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து ஓரிடத்தில் வட்டம் போட்டார்.
"ஜூன் மாசத்துல ஒரு தேதி விட்டுப்போயிருக்கு. போட்டுடு" என்றார்.

ஆகஸ்ட் 19
அலுவலகத்திலிருந்து இருவர் வந்து ஒரு வாரம் அளந்தார்கள். இரண்டாவது லைனுக்கு சீல். முதல் லைனும் வாரத்துக்கு நாலு நாள்தான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம், நியாயம்தான். இவர் பழையபடி மூடி மெஷினுக்கு. வீட்டில் இரண்டு நாளாக 'உம்', 'ம்ஹூம்' மட்டும்.

செப்டம்பர் 2
அக்கா இன்னும் கேன்தான் வாங்குகிறாள்.

அக்டோபர் 21
'எட்டு' வேறு ஊர்த் தொழிற்சாலைக்கு மாறிவிட்டார். அங்கே மூன்று லைனாம். சூப்பர்வைசர் வேலைக்கு இவரையும் கூப்பிட்டார். இவர் போய்ப் பார்த்துவிட்டு இன்று திரும்பினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.
ஏன் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி சொன்னார்:
"அங்க கிணத்த அளக்க ஆளே வைக்கல."