மூடிய ஊருக்கு வெளியே இருந்து

அன்பு மகள் தாவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பு சுகம்தான், மேட்டில் ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. ஒசாக்காவில் நீ வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுப்பதில்லை என்று நம்புகிறேன், நீ எழுதினால்தானே தெரியும். இதை நான் பள்ளிக்கூடத்துப் பக்கத்து அறையிலிருந்து எழுதவில்லை. ஹுவாய்சான் ஊருக்கு மேலே, என் மாணவி ஒருத்தியின் அப்பா கம்பானின் மலைவயல் குடிசையில் இருக்கிறேன். கீழே பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை தெரிகிறது, ஆனால் போக முடியாது. ஊரை மூடிவிட்டார்கள்.

குழந்தைகளுக்கு வரிசையாகக் காய்ச்சல். வகுப்பில் பாதி இடம் காலி, வந்ததுகளும் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்தன. ஊருக்குப் பூசை செய்யும் தா யோங் ஊர் வாசலை மூடவேண்டும் என்று சொல்லிவிட்டார். மூங்கில் பிளாச்சில் நட்சத்திரம் போலப் பின்னி இரண்டு வாசலிலும் தொங்கவிடுவார், அவர் அதை எடுக்கும்வரை யாரும் வரவும் கூடாது, போகவும் கூடாது. அந்த நாட்களுக்கு நடுவில்தான் மூவானின் மாவட்டத் தேர்வு. பன்றிக்குத் தீனி வைத்த கையோடு வந்து, நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்வாளே, உனக்கு எழுதியிருக்கிறேன், அவள்தான். தேறினால் நகரத்து விடுதிப் பள்ளியில் இடம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், பிறகு கிடையாது. ஆனால் அவள் தம்பி சியெங்கும் காய்ச்சலில் கிடந்தான். அப்பா கம்பான், "தம்பி கண்ணே திறக்கல, இந்த மகாராணி பரீட்சைக்குப் போறாளாம்" என்று கத்தினான். அவன் மனைவி ஓய், "இவ இங்க உக்காந்து விசிறினா மட்டும் இறங்கிடுமா? நீங்க கூட்டிட்டுப் போங்க டீச்சர், மூடறதுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றாள். தா யோங் கத்தவில்லை. "போறவங்க போகலாம். நான் எடுக்கிறவரைக்கும் உள்ள கால் வைக்கக் கூடாது. மீறி வந்து அந்தப் பையனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க தலைமேலதான் விடியும்" என்று புகையிலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. விடியும்முன் கிளம்பினோம். அவர்கள் வீட்டு நாயும் பின்னாலேயே வந்தது, கல்லெறிந்தும் திரும்பவில்லை.

தேர்வு முடிந்து வந்தவளிடம் எப்படி என்று கேட்டேன், "ஒரு கணக்கு தப்பு டீச்சர், தம்பி ஞாபகம் வந்திடுச்சு" என்றாள், அவ்வளவுதான். நான் சுகாதார நிலையத்தில் சியெங்கின் வயதைச் சொல்லிக் காய்ச்சல் மாத்திரையும், தண்ணீரில் கலக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியும் வாங்கிக்கொண்டேன். இன்று மதியம் வாசலுக்கு வந்தால் மூங்கில் நட்சத்திரம் தொங்குகிறது, ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு நுழைந்திருக்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும். ஆனால் நான் நுழைந்தபின் பையனுக்கு ஏதாவது ஆனால் என்ன சொல்லியும் பயனில்லை, மூவானைச் சொந்த ஊரே வெறுத்துவிடும். கையில் மருந்தை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். மூவான் அம்மாவைக் கூப்பிட்டாள். ஓய் ஓடி வந்தாள், அவன் கஞ்சிகூடக் குடிக்கவில்லை என்று அழுதாள். பின்னாலேயே தா யோங். மருந்தை எறியட்டுமா என்று கேட்டேன். "மனுசக் கையால எதுவும் உள்ள வரக் கூடாது, எறிஞ்சாலும் கைதானே" என்றார். ஒரு குழந்தை உயிரைவிட இந்த மூங்கில் பெரிதா என்று நான் குரலை உயர்த்திவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "அந்த நாய் பசியில ஊளையிடுது. வீட்டுக்குப் போகட்டுமே, நாய்க்கு நான் ஒண்ணும் சொல்லலையே" என்று சிடுசிடுத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உறைக்கவில்லை. மூவான் அதற்குள் தன் தலைத்துண்டில் மருந்தை முடிந்து நாயின் கழுத்தில் கட்டிவிட்டாள். அது நட்சத்திரத்தின் கீழே நுழைந்து ஓடியது. "பாதி மாத்திரைம்மா! பொடியைக் காய்ச்சி ஆறின தண்ணியில கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடு!" என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

இப்போது பொழுது சாய்கிறது. குடிசைப் படியில் உட்கார்ந்து தன் வீட்டு அடுப்புப் புகையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாராவது இறந்துபோனால் பறை அடிப்பார்கள், அந்தச் சத்தத்துக்காகத்தான் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறோம். சம்பளமில்லாமல் அந்த மலையில் உன்னால் என்ன மாறிவிடும் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். தெரியவில்லை மகளே. வீட்டுக்கு ஒரு பிடி என்று அரிசி போடுகிறார்கள், இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக் கத்துகிறேன்.

மறுநாள். காலையில் தா யோங் நட்சத்திரத்தைக் கழற்றினார். பறை அடிக்கவில்லை. மூவான் மேட்டிலிருந்து உருண்டு விழாத குறையாக ஓடினாள். சியெங் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான், முகம் சுண்டைக்காய் அளவுக்கு வற்றியிருந்தது, ஆனால் உட்கார்ந்திருந்தான். "ஊரை மூடினோம், இறங்கிடுச்சு, பாத்தீங்களா டீச்சர்" என்றார் தா யோங். அடுப்போரம் கிடந்த, பிரித்த மாத்திரை அட்டையை நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். தேர்வில் ஒரு கணக்கு தப்பு என்று மூவான் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பான் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி, தனக்கு வைத்திருந்த இறைச்சித் துண்டை அதற்குள் பொதிந்து, முதலில் நாய்க்குப் போட்டான். அது தின்று முடித்த பிறகுதான் மகள் பக்கம் திரும்பி, "எந்தக் கணக்கு தப்பு?" என்று கேட்டான்.

நீ நன்றாக இரு, நோய் நொடி அண்டாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு, அதை மறக்காதே. ஓய் எங்கள் மணிக்கட்டில் எல்லாம் காப்பாக வெள்ளை நூல் கட்டினாள், தூரத்திலிருக்கும் என் மகளுக்கும் ஒன்று வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு இதிலும் நம்பிக்கை இல்லை. நீ கட்டிக்கொள்.

உன் அம்மா,
விலய்வோன்