நீங்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்த ஊர்கள்

அப்பா,

போன செவ்வாய்க்கிழமை வேலை விஷயமாகச் சிதம்பரம் போயிருந்தேன். பசி நேரம். மேலவீதிப் பக்கம் ஓர் ஓட்டல் வாசலை எட்டும்போதே கொத்சு வாசனை வந்துவிட்டது. கத்திரிக்காயும் புளியும் வறுத்துப் பொடித்த மல்லியும் சேர்ந்து வருகிற அந்த வாசனை மூக்கில் ஏறினால் அப்புறம் காலை வேறு பக்கம் திருப்ப முடியாது என்பீர்களே, அதேதான். உள்ளே போனால் உட்கார இடமில்லை. "மேல ஏசி ஹால் காலியா இருக்கு மேடம், போங்க" என்றார் சர்வர். என் வாயிலிருந்து தானாக வந்தது, "எத்தன படி?"

அவர் முழித்தார். "எண்ணுனதில்ல மேடம்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. நாளைக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறவர் எதற்கு எண்ணப் போகிறார்? எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் ஓட்டல் படிகளை எண்ணிய ஒரே மனிதர் நீங்கள்தான். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கீழேயே கால் மணி நேரம் காத்திருந்து, இடம் கிடைத்து, சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட உங்களிடம் பேச வேண்டும் போல இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டு வயதில் வந்த போலியோ என் இடது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியாத கதையில்லை. அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த ஒரு காலிபரும், அதோடு ஒட்டிய கனமான பூட்ஸும் எனக்கு வந்தன. நம் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் எல்லோரும் இதை வைத்துப் பெருமூச்சு விட்டார்கள். நீங்கள் விட்டதாக நினைவில்லை. ஆபீஸில் குமாஸ்தா வேலை, மாதம் ஒருமுறை இரண்டாம் சனிக்கிழமை லீவு. அந்த லீவுக்கு எங்களை எங்காவது கூட்டிக்கொண்டு போவது என்று வைத்துக்கொண்டீர்கள். ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துடறேன்" என்று தனியாகக் கிளம்பிவிடுவீர்கள்.

வீட்டில் அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அம்மாவுக்கு அதில் சொல்லி மாளாத கேலி. "என்னப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தின வாரமே இவரு தனியா வந்து எங்க தெருவப் பாத்துட்டுப் போயிருப்பாரு" என்பாள். பெரிய மாமா ஒருமுறை சொன்னார், "மச்சான், பாத்த படத்துக்கே மறுவாரம் டிக்கெட் எடுக்கற ஆளு ஊர்லயே நீங்க ஒருத்தருதான்." நீங்கள் சிரித்துக்கொண்டே காப்பியை ஆற்றினீர்கள். எதற்காகப் போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளோட்டத்தில் கண்டுபிடித்துவந்த விஷயங்கள் கொஞ்சநஞ்சமல்ல. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் காலையில் போனால் பஸ்ஸில் வலது பக்கம் வெயில் படாது. சாயங்காலம் திரும்பும்போதும் அதே வலது பக்கம்தான். எந்த ஓட்டலில் வாசலில் ஒரே படி, எதில் மூன்று, எங்கே கை கழுவும் இடம் வழுக்கும், எல்லாம் உங்கள் தலைக்குள் இருந்தது. ஊரே சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போகும்; நாம் மட்டும் காலை ஏழு மணிக்குப் போவோம். "பால்காரர்கூட இப்பத்தாம்பா எழுந்திருப்பாரு" என்று அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே வருவான். "ஈர மணல்ல கால் பொதையாதுடா" என்பீர்கள். யாருடைய கால் என்று சொல்ல மாட்டீர்கள். தண்ணீர் வந்து போன இறுகின மணலில் நான் அண்ணனுக்குச் சமமாக நடந்தேன். எனக்கு அது அப்போது பெரிய விஷயமாகவே படவில்லை. எல்லோரும் பீச்சில் இப்படித்தான் நடக்கிறார்கள் என்று நினைத்தேன்.

சிதம்பரம் கோயிலில் ஒரு சிக்கல் இருந்தது. செருப்பை வாசலில் விடலாம், காலிபரை எப்படி விடுவது? அதைக் கழற்றினால் என்னால் நிற்க முடியாது. அதற்கும் வழி கண்டுபிடித்துவைத்திருந்தீர்கள். கோபுர வாசலில் பூ விற்கிற அம்மா தன் கடைக்குள் ஒரு சாக்கை விரித்துத் தயாராக வைத்திருந்தார். "இதானா சாமி அந்தப் பாப்பா? குடு, நான் பத்திரமா வெச்சுக்கறேன்" என்று காலிபரை வாங்கி வைத்துக்கொண்டார். நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அந்தப் பக்கத்து ஓட்டலிலும் அதே கதைதான். மூலை மேஜை, கை வைத்த நாற்காலி. "சார் போன வாரமே சொல்லிட்டாரு" என்பார் சர்வர். சம்பா சாதம் வரும், கொத்சு வரும். அண்ணன் பாய்வான். நீங்கள் உங்கள் இலையைப் பார்க்க மாட்டீர்கள், எங்கள் மூஞ்சிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "எப்பிடி?" என்று கேட்பீர்கள். எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் பெயர் போயிருந்தது. ராஜா வீட்டுக் குழந்தை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

பத்து வயதில் அப்படி. பதினெட்டில் அப்படி இல்லை.

அண்ணாமலை நகரில் படிக்கச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். எங்கள் வகுப்பு பிச்சாவரம் போவதாக ஏற்பாடு. வீட்டில் நான் அதைச் சொன்னது என் தப்பு. படகுத்துறையில் நாற்பது பேர் நிற்கிறோம். படகுக்காரர் ஒருவர் கையைத் தட்டிக் கேட்டார், "காலு சரியில்லாத பொண்ணு யாரும்மா? அவங்க அப்பா வந்து சொல்லிட்டுப் போயிருக்காரு. அதுக்குத் தனிப் படகு, ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்." அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். நாற்பது பேரும் என் மூஞ்சியைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள். தோழிகள் ஒரு படகில் கத்திக்கொண்டு போனார்கள். நான் ஸ்டூலில் காலை வைத்து ஏறி, ஒரு மேடத்தோடு பின்னாலேயே போனேன். அலையாத்தி மரங்களுக்கு நடுவே அவர்கள் சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களோடு நானும் தடுமாறி ஏறியிருப்பேன், யாராவது கை கொடுத்திருப்பார்கள், விழுந்தால் விழுந்துமிருப்பேன். அது என் பாடாக இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்து நான் பேசியதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். "நான் போயி சேர்றதுக்குள்ள என் காலு அங்க போயி சேந்துடுதுப்பா. என்னை யாரும் என்னையா பாக்கறதில்ல. இனிமே எனக்கு முன்னாடி எங்கயும் போவாதீங்க. போனீங்கன்னா நான் உங்ககூட எங்கயும் வரமாட்டேன்." அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அண்ணன் என்னை அடக்கினான். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"சரி பாப்பா" என்றீர்கள். அவ்வளவுதான்.

அடுத்த இரண்டாம் சனிக்கிழமை நாம் எங்கும் போகவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தீர்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. வாபஸ் வாங்கவும் வாய் வரவில்லை. பிடிவாதம் உங்கள் சொத்துதானே, எனக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்?

அண்ணன்தான் வழி பண்ணினான். அந்த மே மாதம், "அப்பா பாக்காத ஊரு ஒண்ணு சொல்லு" என்று என்னைக் கேட்டான். ஏற்காடு என்றேன். நீங்கள் பையை எடுத்துவைத்தீர்கள். பஸ் மலை ஏறும்போது எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள், நீங்கள் உங்கள் முட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். லாட்ஜில் மாடி ரூம்தான் இருந்தது. வளைந்து போகிற செங்குத்துப் படி, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி.

நல்ல காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, மற்றதை இழுத்து வைத்து, ஒவ்வொன்றாக ஏறினேன். நீங்கள் கீழே இரண்டு பைகளோடு நின்றீர்கள். அம்மாவுக்குத் தாங்கவில்லை. "என்னாங்க, போயி புடிங்களேன்" என்றாள்.

"கேட்டா புடிக்கிறேன்" என்றீர்கள்.

நான் கேட்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்து, வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்து, திரும்பி உங்களைப் பார்த்துச் சொன்னேன், "பத்தொம்போதுப்பா."

நீங்கள், "இருவது. கடைசிய நீ எண்ணாம விட்டுட்ட" என்றீர்கள். லாட்ஜுக்காரர் ஓடிவந்து பார்க்கிற அளவுக்கு நாம் நான்கு பேரும் சிரித்தோம்.

மறுநாள் காலையில் மலை விளிம்புக்குப் போனோம். இரவு மழை பெய்திருந்தது. நீங்கள்தான் முதலில் போய்க் கம்பி வேலியைப் பிடித்து எட்டிப் பார்த்தீர்கள். "பாப்பா! இங்க வா! மேகம் கீழ கெடக்குது பாப்பா, நமக்குக் கீழ!" என்று கத்தினீர்கள். சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். ஐம்பதை எட்டுகிற வயதில் ஒரு காலைத் தூக்கிக் குதிக்காத குறை. உங்கள் மூஞ்சியை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அம்மா என்னை இடித்து, "இவருக்கு இப்பிடிக் கத்தத் தெரியுமாடி?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் 'ஐ' என்று சொன்ன ஒவ்வொரு இடத்தையும் நீங்கள் அதற்கு முந்தின வாரமே தனியாகப் பார்த்திருந்தீர்கள். சொல்ல ஆளில்லாமல் பார்த்திருந்தீர்கள். எங்களோடு வந்தபோது உங்களுக்குப் புதிதாக ஒன்றுமே மிச்சமிருக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் கேட்டேன், "மொத மொத தனியா போயி கொத்சு சாப்பிட்டீங்களேப்பா, எப்பிடி இருந்துச்சு?" நீங்கள் யோசித்தீர்கள். "ருசியெல்லாம் எங்க பாத்தேன், படியத்தான் பாத்துட்டு வந்தேன்" என்றீர்கள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது சரி, நீங்கள் செய்ததும் சரி. இரண்டு சரிகளுக்கு நடுவே உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது மட்டும் வயதாக ஆகத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு மைசூர் போனோம், கன்னியாகுமரி போனோம், குற்றாலம் போனோம். போகிற இடமெல்லாம் ஆளுக்கு முன்னால் ஓடினீர்கள், கத்தினீர்கள், சாப்பாடு வாயில் வைக்க முடியாத ஓட்டல்களில் எல்லாம் மாட்டிக்கொண்டு, "வேணும், ஜாஸ்தி ஆசப்பட்டதுக்கு நல்லா வேணும்" என்று சந்தோஷமாகத் திட்டினீர்கள். ராமேஸ்வரம் மட்டும் பாக்கி. டிக்கெட் எடுத்த வாரம்தான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது.

போன மாதம் அம்மாவும் நானும் அங்கே போய்வந்தோம். தனுஷ்கோடி முனை வரைக்கும் தார் ரோடு போட்டிருக்கிறார்கள், வண்டி அதுவரை போகிறது. வண்டியை விட்டு இறங்கினால் மணல்தான், ஆனால் தண்ணீரோரம் இறுகிக் கிடக்கிறது, கால் புதையாது. உங்களுக்கு அந்தக் கடைசி வருடத்தில் மூட்டு வலி இருந்ததே, அதற்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அப்புறம் வெயில் தாங்காது. நிழல் என்று ஒன்று கிடையாது, குடை வேண்டும். ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கிறது. நாலடி திரும்பினால் மறுபக்கம் கடல் அடித்துப் புரள்கிறது. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவைத்தேன் அப்பா. எங்கே இறங்குவது, எங்கே நிற்பது, எதைப் பிடித்துக்கொள்வது, எல்லாம். அதையெல்லாம் இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன், சொல்ல வேண்டிய ஆளில்லாமல். அந்த இரண்டு கடலையும் முதல் தடவை பார்க்கும்போது நீங்கள் என்ன சொல்லிக் கத்தியிருப்பீர்கள் என்பதை மட்டும்தான் என்னால் பார்த்துவிட்டு வர முடியவில்லை.

உங்கள் பாப்பா