உள்ளே விட்ட துணி

அம்மா,

முதலில் சாப்பாடு: அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். தையல் வகுப்புக்குப் போகிறேன்.

"இந்த உடம்ப வெச்சுக்கிட்டு உனக்குக் காதல் ஒரு கேடா? அதுவும் ஒரு பொண்ணோட" என்று நேற்றுக் கேட்டாய். இரண்டில் எது உனக்கு அதிகம் வலிக்கிறது என்று யோசித்தேன், தெரியவில்லை. இரண்டையுமே என்னால் மாற்ற முடியாது.

நான் இளைக்க வேண்டுமென்று நீ இறுக்கித் தைத்த சட்டையை இன்று பிரித்தேன். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டிருந்தாய். அழுதுவிட்டேன். ஒருவேளை நான்தான் அதற்கு இல்லாத அர்த்தம் கற்பிக்கிறேனோ என்னவோ. தளர்த்தித் தைத்துப் போட்டிருக்கிறேன். மூச்சு விட முடிகிறது.

பி.கு. இன்றும் அவள்தான் என்னை வாசல் வரை கொண்டுவந்து விடுவாள். நீ பேச வேண்டாம். நேற்றுப் போல முகத்தில் அறைந்தாற்போல் கதவைச் சாத்தாதே, அம்மா.